நல்ல போன் இருக்கும்போது தனியாகக் கேமரா வாங்க வேண்டுமா?

எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டு விசேஷம், கோயில் கோபுரம், பயணம் என்றால் போனே தாராளம். வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் அது பல படங்களை நொடியில் எடுத்து, இரண்டும் தெளிவாகத் தெரியும்படி ஒன்றாக்கிவிடுகிறது.

பறவைகள் என்றால் கதையே வேறு. வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து நத்தைகுத்தி நாரையைப் போனில் பெரிதாக்கி எடுத்தேன். இறகுகள் ஈரச் சுவரில் பூசிய சுண்ணாம்புபோல் குழைந்திருந்தன. நண்பரின் பழைய கேமராவில், தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் 300 மி.மீ. லென்ஸில், மூடிய அலகின் நடுவே தெரியும் இடைவெளிகூடத் துல்லியமாக விழுந்தது. லென்ஸ் மட்டுமே காரணமல்ல. ஒளியை வாங்கும் சென்சார், ‘ஃபுல் ஃபிரேம்’ எனப்படும் பெரிய சென்சார் கேமராவில் 36×24 மி.மீ.; பெரும்பாலான போன்களில் சுண்டுவிரல் நகத்தளவுதான். மெகாபிக்சல் எண்ணிக்கையை நம்பி ஏமாந்துவிடாதீர்கள்! பறவை ஆசை உண்மையானால், பழைய கேமராவாக வாங்கி, மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள்.