மார்த்தாண்டம் ஏஜென்ட் கேட்கும் 45 ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: அருமனைப் பக்கம் இருக்கிறோம். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். மகள் பி.டெக். முடித்துவிட்டு இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க ஆசைப்படுகிறாள். நாங்கள் சாம்பவர், தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவத்துக்கு வந்துவிட்டோம், சர்டிபிகேட்டில் பி.சி. என்று இருக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட் 45 ஆயிரம் கொடுத்தால் 36 லட்சம் அரசாங்க ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்கிறார். சொந்தக்காரர்களோ அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: அம்மா, இருவரையும் முழுசாக நம்ப வேண்டாம். ஏஜென்ட்டைக் கொஞ்சம்கூட நம்ப வேண்டாம். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது, பிறகு 45 ஆயிரம் எதற்கு? கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பல வருடம் பார்த்தவன் நான், ஏஜென்ட் சொன்னதால் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் வந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் சாதிச் சான்றிதழ் விஷயம்தான் முக்கியம், நம் குமரி மாவட்டத்தில் பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் இழுத்தே சொல்கிறேன். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் வருடத்துக்கு 125 இடம், அதில் 115 எஸ்.சி.க்கு. அது உங்கள் மகளுக்குக் கிடைக்காது. 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி எஸ்.சி. என்றால் இந்து, பிற்பாடு 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவர்கள், எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும், இடஒதுக்கீட்டுக்கு பி.சி. உங்கள் சர்டிபிகேட்டில் பி.சி. என்று இருப்பது இதனால்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே தமிழ்நாடு அரசு, ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகத் தரும் உதவிகளில் பலவற்றை 'கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்று தனியாகப் பேர் சொல்லி உங்களுக்கும் தருகிறது. ஏஜென்ட் சொல்லும் 36 லட்சம் வருகிற அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் அப்படிப்பட்டதுதான். ஆக ஒரே பிள்ளை கல்லூரி சீட்டுக்கு பி.சி., இந்த உதவித்தொகைக்கு ஆதிதிராவிடர், டெல்லி தரும் உதவித்தொகைக்கு இரண்டும் இல்லை. கோயிலுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் ஊரில் கிடைக்கிற மரியாதை மட்டும் ஒன்றேதான், ஆணை எழுதியவர்களுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

எனவே உங்கள் சான்றிதழில் வெறுமனே 'கிறிஸ்தவர், பி.சி.' என்று மட்டும் இருக்கிறதா, மதம் மாறிய ஆதிதிராவிடர் என்பது தெளிவாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லை என்றால் தாலுகா ஆபீசில் புதிதாக வாங்க வேண்டும், தாத்தாவின் பழைய பள்ளிச் சான்றிதழோ ஞானஸ்நானப் பதிவோ கேட்பார்கள், நாலு நடை நடக்கவைப்பார்கள். கடைசித் தேதி நெருங்கும்போது இதை ஆரம்பித்தால் கதை முடிந்தது. (பழங்குடியினருக்கு, நம் காணிக்காரப் பிள்ளைகளுக்கு, வேறு மத்தியத் திட்டமும் உண்டு. வண்ணார் சமூகம் நம் மாவட்டத்திலும் செங்கோட்டையிலும் மட்டும் எஸ்.சி., அவர்கள் டெல்லிக்கே விண்ணப்பிக்கலாம்.)

36 லட்சம் என்பது வருடத்துக்கு உச்சவரம்பு, வங்கிக் கணக்கில் மொத்தமாக வந்து விழுகிற தொகை என்று நினைத்துவிடாதீர்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் அது, 8-இலிருந்து 12 லட்சம் வரை என்றால் 24 லட்சம். வயது 35-க்குள். மேல்படிப்பும் ஆராய்ச்சியும் மட்டும்தான், இளநிலைக்குக் கிடையாது. ஜார்ஜியாவிலும் பிலிப்பைன்ஸிலும் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிட்டு 'பிறகு ஸ்காலர்ஷிப் போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்பவர் முழுப் பொய் சொல்கிறார். சிறுபான்மையினருக்கான 'படோ பர்தேஷ்' வட்டி மானியத்தைக் காட்டினாலும் ஏமாறாதீர்கள், 2022-23-இலேயே அதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நோட்டீசில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏஜென்ட்டுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் 45 ஆயிரம் சில்லறை. மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் கொடுக்கிற கமிஷன்தான் பெரிய காசு. அதனால் கமிஷன் தருகிற கல்லூரிகளைத்தான் பட்டியலில் காட்டுவார், நல்ல பல்கலைக்கழகத்துக்கு நேராக விண்ணப்பிக்கலாம் என்பதை மறந்தும் சொல்லமாட்டார். அப்புறம் டெபாசிட். 'இந்த வாரமே கட்டாவிட்டால் சீட் போய்விடும்' என்று அவசரப்படுத்துவார், கட்டிய பிறகு உதவித்தொகை வராவிட்டால் பணம் திரும்பி வருவது குதிரைக்கொம்பு. மகளையே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், டெபாசிட்டைத் தள்ளிவைக்க முடியுமா என்று. அரசுக் கடிதம் இருந்தால் டெபாசிட் கேட்காத பல்கலைக்கழகங்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. விசாவுக்கு 28 நாள் கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்று சொல்லி, வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டுகிற வியாபாரமும் நடக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, பெரிய இடத்துப் பிள்ளைகள் விஷயம். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி நிஜம். சட்டப்படி பால்வெட்டுகிறவர் மகளும் ஏழரை லட்சம் வருமானம் உள்ள வீட்டுப் பையனும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள், ஆனால் அவன் வீட்டில் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தை ஒரே மாதச் சம்பளத்தில் கட்டிவிடுவார்கள், லண்டனில் இருக்கும் அத்தான் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுப்பான். உதவித்தொகை கிடைப்பதற்கு முன்னால் செலவழிக்கப் பணம் வேண்டியிருப்பதுதான் இதில் உள்ள கோளாறு, அதை யாரும் சரிசெய்வதாகத் தெரியவில்லை. டெல்லியில் கேட்கவே வேண்டாம், 2025-இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். நம் அம்பேத்கர் திட்டத்தில் போய்த் திரும்பி வந்தவர்களிலும் வந்த வழியை மறந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், எங்கள் கல்லூரி வழியாகப் போன ஒரு பையன், அவனுக்கு வருமானச் சான்று வாங்க நானும் அவன் அப்பாவும் தக்கலையில் மூன்று நாள் காத்துக் கிடந்தோம், இப்போது மேடையில் ஏறி 'எல்லாம் என் திறமை' என்கிறான், ஜூனியர் பிள்ளைகள் போன் செய்தால் எடுப்பதில்லை. 1913-இல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டில். அவர் பேரில் இருக்கிற உதவியை வாங்கிக்கொண்டு இப்படியா?

எனவே கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, மகளின் மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் இவ்வளவையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு நேராகப் போங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பேர், பாஸ்போர்ட்டில் அப்பா பேரோடு ஒரு பேர், ஞானஸ்நானத்தில் இன்னொன்று என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள்.

அப்புறம், அந்த ஏஜென்ட்டிடம் அசல் சான்றிதழ் எதையாவது கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் நாளைக்கே போய், கணவரையும் கூட்டிக்கொண்டு, கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.