ஆணியைக் காணோமா?

கேள்வி: பெய்ஜிங்கில் உள்ள 'தடைசெய்யப்பட்ட நகரம்' அரண்மனையில் 9,999 அறைகளாமே, அத்தனையையும் ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டினார்களாமே! அந்தக் கட்டடக்கலையைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

பதில்: அறைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்த ஆணி. 'ஒரு ஆணிகூட இல்லாமல்' என்று தொடங்கும் ஃபார்வர்டு எனக்கே மூன்று குழுக்களில் வந்துவிட்டது. மூன்றிலும் கீழே கைகூப்பும் பொம்மைகள். ஐயா, உள்ளேகூடப் போக வேண்டாம், தெற்கு வாசல் கதவைப் பாருங்கள். சிவப்புக் கதவு, ஒவ்வொரு பக்கமும் வரிசைக்கு 9 வீதம் 9 வரிசை, ஆக 81 குமிழ் ஆணிகள், பொன் முலாம் பூசி, சின்னக் கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி. கதவுப் பலகைகளைச் சேர்த்து அடித்த ஆணியின் தலையை மறைக்க வந்த குமிழ், போகப் போக அந்தஸ்தாகிவிட்டது. சிங் அரச வம்சத்தின் காலத்தில் பேரரசருக்கு 81 என்றால் இளவரசர் வீட்டு வாசலுக்கு 63தான். கிழக்கே டோங்ஹுவா வாசலில் மட்டும் 72. பேரரசரின் சவப்பெட்டி அந்த வழியாகப் போகும், அதனால் சாவுக்குரிய இரட்டைப்படை என்று ஊரில் ஒரு கதை.

கூரை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மிருகப் பொம்மைகள் இருக்கின்றனவே, அவையும் ஓடு நழுவாமல் அடித்த ஆணியை மூட வந்தவைதான். ஆணியே இல்லாத அரண்மனையில் ஆணிக்குத் தொப்பி!

சரி, பாதி உண்மை உண்டு. தூண், விட்டம், கூரையைத் தாங்கும் அடுக்குக் கட்டைகள் எல்லாம் ஒன்றில் துளை, இன்னொன்றில் நாக்கு என்று கோத்தவை. நிலம் நடுங்கினால் நெளிந்து கொடுத்துவிட்டு நிற்கும். ஆனால் நெருப்புக்கு நெளிந்து கொடுக்க முடியாதே. மிங் பேரரசர் யோங்லெ 1420இல் கட்டி முடித்தார், மறு ஆண்டே இடி விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் சாம்பல். அவற்றில் பெரியதான தைஹெ மண்டபம், இப்போது நாம் பார்ப்பது, 1690களில் சிங் பேரரசர் காங்ஷி காலத்தில் எழுப்பியது. அதற்குள் காட்டில் பெரிய மரங்கள் தீர்ந்துபோய், துண்டுகளைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கித்தான் தூண் செய்தார்கள்.

(பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியாது என்று எழுதியதற்கு ஒரு வாசகர் இரண்டு ஆண்டுகளாக எனக்குக் கண்டனக் கடிதம் போடுகிறார். அவரும் இதைப் படிப்பார். வணக்கம்.)

அறைகளா? சீனக் கணக்கில் நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள இடம் ஓர் 'அறை'. அப்படிப் பார்த்தால் தைஹெ மண்டபம் ஒன்றே 55 அறை, வாடகைக்கு விட்டால் ஒரே ஹால்தான். 1973இல் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 8,700 சொச்சம். வானுலக அரசனுக்கு 10,000 அறை, அதனால் பூலோக அரசர் அரை அறை குறைத்துக்கொண்டார் என்கிற கதையில் எனக்குப் பிடித்தது அந்த அரைதான். தெய்வத்துக்குக் காட்டிய பணிவின் அளவு, அரை அறை!

ஆணிக்கே திரும்புகிறேன், விட மனமில்லை. பெய்ஜிங்கில் 'கதவாணி' என்ற பெயரில் ஒரு பண்டம் உண்டு. மாட்டுக்கறியும் வெங்காயத்தாளும் அடைத்து, அந்தக் குமிழ் போலவே உப்பலாக, இரண்டு பக்கமும் சுட்டெடுப்பது. அவசரப்பட்டுக் கடித்தால் சூடான கொழுப்புச் சாறு சட்டையில் தெறிக்கும், ஆறவிட்டால் உறைந்துபோகும். அதன் படம் கிடைத்தால் ஃபார்வர்டு செய்யுங்கள், நானும் கைகூப்புகிறேன்.