முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் 10% தள்ளுபடி: வீட்டு மராமத்துக்கு ஒத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு 20 வயது ஆகிறது. இரண்டு குளியலறை, சமையலறை, கொஞ்சம் ஒயரிங், கடைசியில் பெயிண்ட் என்று மொத்தமாக மராமத்து பார்க்கலாம் என்றிருக்கிறோம். எல்லா வேலைக்கும் ஆள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம், முழுத் தொகையையும் இப்போதே கட்டினால் 10% தள்ளுபடி என்கிறது. முடியாது என்றால் மூன்று வருடத் தவணைக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம், வட்டி 12% தானாம். கொத்தனார், பிளம்பர் என்று தனித்தனியாகப் பிடித்தால் கால்வாசி குறையும் என்கிறார் என் மனைவி. சேமிப்பு முழுவதையும் எடுத்தால் கட்டிவிடலாம், ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒரே மூச்சில் முடிப்பதா, பிரித்துச் செய்வதா என்பதிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முழுப் பணத்தை முதலிலேயே கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் பேசித் தீர்க்கலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அந்த 10 சதவீதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாத வேலைக்கு வேலை நடக்க நடக்கப் பணம் கொடுத்தால், சராசரியாக உங்கள் பணம் ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவர்களுக்குப் போகும். அதை இன்றே கொடுங்கள் என்று கேட்டு 10% விட்டுத்தருகிறார்கள் என்றால், ஒன்றரை மாதக் கைமாற்றுக்கு ஆண்டுக் கணக்கில் 80 சதவீதத்துக்கும் மேல் வட்டி தருகிறார்கள் என்று பொருள். நல்ல நிலையில் இருக்கும் எந்த நிறுவனம் இந்த வட்டிக்குக் கடன் வாங்கும்? ஒன்று, அந்த 10 சதவீதத்தை முதலிலேயே விலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் உங்கள் பணத்தை வைத்து வேறு யாருடைய வீட்டிலோ பாதியில் நிற்கும் வேலையை முடிக்கப் போகிறார்கள். இந்தத் தொழிலில் இரண்டாவது அடிக்கடி நடக்கிறது. புது வாடிக்கையாளரின் அட்வான்ஸில் பழைய வாடிக்கையாளருக்கு டைல்ஸ் வாங்குவார்கள், புது ஆர்டர் வருவது நின்றால் எல்லா வீட்டிலும் வேலை நின்றுவிடும். நிறுவனமே திவாலானால் அடமானம் பிடித்து வைத்திருக்கும் வங்கிகள் முன்வரிசையில் நிற்கும், அட்வான்ஸ் கொடுத்த நீங்கள் கடைசியில். பெரும்பாலும் அங்கே உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் நான் சொல்லும் ஒழுங்கு இது. தொடங்கும்போது 10%, மிஞ்சினால் 15%. பொருள் உங்கள் வீட்டு வாசலில் இறங்கிய பிறகு அந்தப் பொருளுக்கான பணம். அப்புறம் தேதியை வைத்து அல்ல, முடிந்த வேலையை வைத்துத் தவணை: பழையதை இடித்து அள்ளியாயிற்று, குழாயும் ஒயரும் சுவருக்குள் போட்டுச் சோதித்தாயிற்று, டைல்ஸ் முடிந்தது, இப்படி. 'மாதம் பிறந்தால் ஒரு தவணை' என்று எழுதினால் ஆளே வராத மாதத்துக்கும் நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். கடைசி 10 சதவீதத்தை எல்லாக் குறையும் சரிசெய்த பிறகே கொடுங்கள், அதிலும் பாதியை ஆறு மாதம் பிடித்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கட்டுமான ஒப்பந்தங்களில் இப்படி 5 முதல் 10 சதவீதம் வரை பிடித்து வைப்பது பழைய வழக்கம்தான், நீங்கள் ஏதோ நம்பிக்கையில்லாமல் கேட்பதாக அவர்கள் முகம் சுளித்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

தவணைத் திட்டம் பற்றி. '12% தான்' என்று வாயால் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள், குறையும் பாக்கிக்கு வட்டியா, முதலில் வாங்கிய தொகைக்கே கடைசிவரை வட்டியா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் கடன் 100 என்று வையுங்கள், மூன்று வருடத்துக்கு வட்டி 36, மொத்தம் 136, அதை 36 மாதத்தில் கட்டுகிறீர்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு நூறுக்கும் ஓடுகிறது. உண்மையான வட்டி சுமார் 21%! செயல்பாட்டுக் கட்டணம், காப்பீடு என்று எதையாவது சேர்த்தால் இன்னும் ஏறும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: இந்த மாதிரிக் கடனில் பல சமயம் கடன் கொடுப்பவர் முழுத் தொகையையும் முதல் நாளே நிறுவனத்தின் கணக்கில் போட்டுவிடுவார். அதாவது முழு அட்வான்ஸ் கொடுத்ததும் இதுவும் ஒன்றுதான், கூடவே மூன்று வருடக் கடனும் உங்கள் தலையில். வேலை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

சேமிப்பை முழுவதும் எடுப்பதும் வேண்டாம். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள், மீதி எவ்வளவோ அதுதான் உங்கள் பட்ஜெட். அதிலும் 15 முதல் 20 சதவீதத்தை யாரிடமும் சொல்லாமல் தனியே வைத்திருங்கள், முக்கியமாக ஒப்பந்தக்காரரிடம். பழைய டைல்ஸைப் பெயர்த்தால்தான் அடியில் குழாய் அரித்துப்போயிருப்பது தெரியும், 20 வருட வீட்டில் இப்படி ஏதாவது கிளம்பாமல் இருக்காது. இதற்கு மேலும் தேவைப்பட்டால் வங்கியில் தனியாகக் கடன் கேளுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும். வீட்டை அடமானம் வைத்தால் வட்டி குறையும் என்பார்கள், குறையும்தான், ஆனால் கட்ட முடியாமல் போனால் போவது வீடு. குளியலறைக்காக அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

சரி, நிறுவனமா, தனித்தனி ஆட்களா? உங்கள் மனைவி சொல்வது தப்பில்லை, தனியாகப் பிடித்தால் குறையும். நிறுவனத்துக்குக் கூடுதலாகப் போகும் அந்தக் கால்வாசிக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. பிளம்பர் முடித்த மறுநாள் டைல்ஸ் ஆள் வந்து நிற்பது, ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் கெடுத்தால் பதில் சொல்ல ஒரே ஒருவர் இருப்பது, வேலையில் யாருக்காவது அடிபட்டால் காப்பீடு இருப்பது, எழுத்தில் வாரண்டி. இந்த நான்கும் ஒப்பந்தத்தில் இருந்தால் கூடுதல் பணம் நியாயமானது. இல்லையென்றால் அவர்களும் அதே ஆட்களை வெளியிலிருந்து கூப்பிட்டு, நடுவில் நின்று கமிஷன் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். உங்களில் ஒருவர் தினமும் வீட்டில் இருந்து வேலையை மேய்க்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் மிச்சப்படுத்தும் கால்வாசி, மறுபடி செய்யும் வேலையிலும் வராத நாட்களிலும் போய்விடும். காப்பீட்டை வாய்ச்சொல்லாக விடாமல் சான்றிதழின் நகலை வாங்குங்கள், தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

எஸ்டிமேட்டில் 'குளியலறை டைல்ஸ் வேலை' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பழையதைப் பெயர்ப்பது, குப்பையை அள்ளுவது, தரையைச் சரிமட்டம் செய்வது, நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ், இடைவெளி அடைப்பது என்று ஒவ்வொன்றும் தனி வரியாக, அளவோடும் விலையோடும் வேண்டும். அந்தப் பட்டியலையே இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். மூன்றில் ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, எதையோ விட்டிருக்கிறார்கள், அது பின்னால் 'எக்ஸ்ட்ரா வேலை' என்று வரும். எக்ஸ்ட்ரா எதுவானாலும் விலையை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே தொடங்க வேண்டும் என்பதையும் சேருங்கள். டைல்ஸும் குழாய்களும் என்ன பிராண்ட், என்ன ரகம் என்று பெயர் போட்டுக் கேளுங்கள். 'டைல்ஸுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு' என்று விட்டிருந்தால், கடைக்குப் போனதும் அந்த விலைக்கு உங்களுக்குப் பிடித்த ஒன்றுகூட இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகள், இரண்டுக்கும் செலவு கிடையாது. குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது நிற்கவிட்டு, கீழே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, எது எங்கே போகிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள், பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் உதவும்.

பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் வரி மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். வாரண்டியும் கூடவே மிச்சமாகிவிடும். பல நாடுகளில் வீட்டை விற்கும்போது மேம்பாட்டுச் செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம், ஆனால் பில் இருந்தால்தான்.

ஒரே மூச்சிலா, பிரித்தா? பிரித்துச் செய்யுங்கள், ஆனால் அறை அறையாக அல்ல. சுவரையும் தரையையும் உடைக்க வேண்டிய எல்லாவற்றையும் முதல் கட்டத்திலேயே முடியுங்கள்: இரண்டு குளியலறை, ஒயரிங், சமையலறைக்குப் போகும் குழாய்கள், அங்கே பின்னால் வரப்போகும் மின்சாதனங்களுக்கான லைன் உட்பட. சமையலறை அலமாரியும் பெயிண்டும் அடுத்த வருடம் சேமித்துச் செய்யலாம், புதுப் பூச்சு நன்றாகக் காய்வதற்கும் அவகாசம் கிடைக்கும். முதல் கட்டத்தை அந்த நிறுவனத்திடமே கொடுத்தாலும் இரண்டாவது கட்டத்துக்கு இப்போதே வாக்குக் கொடுக்க வேண்டாம். பெயிண்டுக்கு நிறுவனம் தேவையே இல்லை, உங்கள் மனைவி சொன்ன மாதிரி தனி ஆளே போதும்.