தட்டு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்று ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். இரண்டாவது வருடமாகக் குளிர்காலத்துக்கு ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியில் புளோரிடா வந்து, செபர்ஹில்ஸ் பக்கம் அந்த வண்டிகள் நிற்கும் ஒரு பார்க்கில் நிற்கிறோம். ஒருவரோடும் சிநேகம் பிடிக்க முடியவில்லை. பின்னேரம் எல்லோரும் வெளியே கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, அவருக்குக் கூச்சம். பக்கத்து இடத்துக் கியூபெக் அம்மா போன வருடம் ஆப்பிள் பை கொண்டுவந்து தந்தார். அந்தக் கண்ணாடித் தட்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அவருடைய கணவர் கோடையில் இறந்துவிட்டாராம். இந்த முறை அவருடைய மகன் வண்டியை ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போனான். தமிழர்கள் உள்ள பார்க்குக்கு மாறலாமா? அல்லது வண்டியை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு இருந்துவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: தங்கச்சி, பார்க்கும் மாற வேண்டாம், வண்டியும் விற்க வேண்டாம். முதலில் அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் தனிமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்த மனிதர் செத்துப்போனது ஒரே வரியில் வந்து போகிறது. 'இறந்துவிட்டாராம்' என்று யாரோ சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரில் வேலிச் சண்டையில் முகம் பார்க்காமல் இருப்பவர்கள்கூட, அந்த வீட்டில் செத்தவீடு என்றால் படலையைத் திறந்துகொண்டு போய் இருந்துவிட்டு வருவார்கள். அங்கே என்ன பேச்சா பேசினோம்? கையைப் பிடித்தோம், பாயில் இருந்தோம், தேத்தண்ணி குடித்தோம், எழும்பி வந்தோம். புளோரிடாவில் மட்டும் அதற்கு இங்கிலீஷ் வேண்டுமா? அந்த அம்மா கியூபெக்காரி என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிரெஞ்சு பேசி வளர்ந்தவராகத்தான் இருப்பார். அவருக்கும் இங்கிலீஷ் இரவல் மொழிதான்.

தட்டு ஏன் உங்களிடமே நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. எதை வைத்துக் கொடுப்பது, எங்களுடைய உறைப்பு அவர்களுக்குச் சரிவருமா என்று யோசித்து யோசித்து நாள் போயிருக்கும். பிந்தியதால் வெட்கம், வெட்கத்தால் இன்னும் பிந்தியது. கடைசியில் அந்தத் தட்டு ரொறன்ரோவுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. ரவா லட்டு பிடியுங்கள். ஆர்.வி. அடுப்பே போதும், மிளகாயும் இல்லை. பத்து உருண்டையைத் தட்டில் அடுக்கி இன்றைக்கே கொண்டுபோங்கள். தட்டைப் பிந்திக் கொடுத்ததற்கு ஒரு மன்னிப்பு, அவருடைய கணவரைப் பற்றி ஒரு கேள்வி. அவருடைய பெயர் என்ன, எப்படி இருந்தார் என்று கேளுங்கள். மற்றதை அந்த அம்மா சொல்லுவார். செத்தவரைப் பற்றி யாரும் கேட்காமல் இருப்பதுதான் அவருக்கு இன்னும் கஷ்டம்.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.வி. பார்க்கில் அடுத்தவருடைய இடத்துக்குள் கேட்காமல் நடப்பது மரியாதை இல்லை, குறுக்காலகூடப் போகமாட்டார்கள். வெளியே கதிரை போட்டு இருப்பவரிடம்தான் நின்று கதைப்பார்கள். யன்னல் மறைப்பை இறக்கிவிட்டு உள்ளே இருந்தால், உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து அவர்கள் விலகிப் போகிறார்கள். அவர்கள் உங்களை ஒதுக்குவதாக நீங்கள் அதை எடுத்துக்கொள்கிறீர்கள். நாலு மணிக்கு இரண்டு கதிரையை வெளியே போடச் சொல்லுங்கள். மூன்றாவதாக ஒன்றும் போடுங்கள். மற்றவர்கள் பியர் குடித்தால் குடிக்கட்டும், உங்கள் கையில் தேத்தண்ணி இருக்கட்டும்.

அப்புறம், தமிழர் உள்ள பார்க். அங்கே போனாலும் துக்கம் விசாரிக்காமல் மறைப்பை இறக்கினால் அங்கேயும் இதே கதைதான். பிள்ளைகளைப் பற்றி நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: உங்கள் பொழுதைப் போக்குவது அவர்களுடைய கடமை இல்லை. ஆபத்துக்கு ஓடிவருவது கடமை. ஆனால் நீங்கள் இருப்பது அவர்களிடமிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதிக்கு எந்தப் 12 மாதத்திலும் 153 நாட்களாவது மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்கைத் தவறாமல் பார்ப்பீர்கள். மற்ற மாதங்களில் இரவு நெஞ்சு நோவென்றால் முதலில் யாருடைய கதவைத் தட்டுவீர்கள் என்று பார்த்தீர்களா? அந்தக் கியூபெக் அம்மாவின் கதவைத்தான். அவருக்கும் உங்களுடையதை விட்டால் வேறு கதவு இல்லை. அங்கே உங்களுக்கு அவர்தான் உறவு. அந்தக் கடமையில் நீங்கள் பிந்திவிட்டீர்கள்.

அவருடைய மகன் வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான். வெயில் ஏறி எல்லோரும் வடக்கே புறப்படும்போது தண்ணீர்க் குழாய், கரண்ட் வயர், கழிவுக் குழாய் எல்லாம் கழற்ற அந்த அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? போன வருடம் அதையெல்லாம் அவருடைய கணவர் செய்திருப்பார். தான் வந்து கழற்றித் தருவதாக உங்கள் கணவரை இந்தக் கிழமையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்படுகிறவருக்கு அது நல்ல வேலை, குழாய் கழற்றப் பேச்சு அதிகம் தேவையில்லை.