கணினி கேள்வி பதில்: சிபியுவத் தின்னுற குவெரி எது?

கேள்வி: வீட்டிலருந்து வெளிநாட்டு பேங்க் ஒண்டுக்கு வேலை செய்யிறன், அவங்கட மெயின்ஃபிரேமில (பெரிய சேர்வர் கணினி) டிபி2 எண்ட டேட்டாபேஸ். பகல்ல சரியான ஸ்லோ எண்டு ஒரே கம்ப்ளெய்ன். ஓடின குவெரியள டிபி2 நினைவில வெச்சிருக்கிற ஸ்டேட்மென்ட் கேஷ எக்ஸ்ப்ளெயின் கட்டளை போட்டுப் பாத்தா எஸ்கியூஎல் (குவெரி வரிகள்) எல்லாம் வருது, ஆனா சிபியு நேரம், எலாப்ஸ்ட் (தொடங்கி முடியுமட்டும் போன நேரம்) எல்லாம் சைபர். ஏன்? (வாசகர், கல்லடி)

பதில்: ஒண்டும் பழுதில்ல தம்பி, ட்ரேஸ் (ஓடுறத அளந்து பதியிற வசதி) போடல்ல, அவ்வளவுதான். எஸ்கியூஎல் கேஷில சும்மா கிடக்கும், ஆனா எத்தின தரம் ஓடினது, எவ்வளவு சிபியு எடுத்தது எண்டு எண்ணுறத்துக்கு மொனிட்டர் ட்ரேஸில ஐஎஃப்சிஐடி எண்டுற பதிவு நம்பர் 316, 317, 318 போட்டிருக்கோணும். போட்ட நேரத்திலருந்துதான் கணக்கு, முந்தி ஓடினது வராது. கேஷ் நிறைஞ்சா கனநேரம் பாவிக்காதத தூக்கி எறிஞ்சிரும், அதால பீக் தொடங்க முதல் ஒருக்கா, முடிய ஒருக்கா எடுத்து வெச்சுக் கழிச்சுப் பாருங்க.

மறுகா, எலாப்ஸ்ட் கூடினதத் தேடி ஓடாதீங்க, எல்லாரும் அதத்தான் செய்யிறாங்க. மொத்த சிபியுவால சோர்ட் பண்ணுங்க. 5 நிமிசம் ஓடுற ரிப்போட் கண்ணுக்குக் குத்தும், ஆனா முழுக்க சிபியுவா இருந்தாலும் அது 300 செக்கன்தான். 2 மில்லிசெக்கன் குவெரி ஒண்டு 10 லட்சம் தரம் ஓடினா 2000 செக்கன், அத ஒருத்தரும் கண்டுக்கிறல்ல. மெயின்ஃபிரேமில கன இடத்தில சொஃப்ட்வெயார் பில்லே சிபியு பாவனையிட 4 மணித்தியாலச் சராசரி உச்சத்த வெச்சுத்தான் வருது, அப்ப சிபியு எண்டா காசு.

எலாப்ஸ்ட் கூட, சிபியு குறைவு எண்டா அது காத்துக் கிடக்குது, லொக்கோ (வேற வேலை பூட்டி வெச்ச டேட்டா) டிஸ்க்கோ எண்டு வெயிட் காலங்களப் பாருங்க. 2013ல புதுப்பாலம் திறக்க முதல் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியுமட்டும் நிண்டமே, அந்த மாதிரி, வாகனத்தில பிழையில்ல. சிபியுவும் கூட, ஒரு ரோவுக்கு (டேபிள் வரிக்கு) கெட்பேஜ் (டேட்டா பக்கம் எடுத்த தரம்) ஆயிரக்கணக்கில எண்டா இன்டெக்ஸ் இல்ல, இல்லாட்டி அக்செஸ் பாத் (டேட்டாவ எடுக்க டிபி2 தெரிவு செய்யிற வழி) மாறியிருக்கு, டேபிள் புள்ளிவிவரம் எடுக்கிற ரன்ஸ்டாட்ஸ் கடைசியா எப்ப ஓடினது எண்டு டேட்டாபேஸ் பாக்கிற டீபிஏட்டக் கேளுங்க.

இன்னொண்டு, ஒரே குவெரி எக்கவுன்ட் நம்பர் மட்டும் மாறி மாறி நூறு வரியில கிடந்தா டெவலப்பர் பெறுமதிய நேராவே எழுதியிருக்கார். பெறுமதிக்குப் பதிலா பராமீட்டர் மார்க்கர் (? குறி) போடச் சொல்லுங்க, அதுவரைக்கும் எல்லாத்தையும் கூட்டித்தான் பாக்கோணும்.

கேள்வி: எங்கட கோபோல் புரோகிராமில இருக்கிற எஸ்கியூஎல் கேஷில காணவேயில்லையே? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: அது ஸ்டாட்டிக், ஓட முதலே பைண்ட் பண்ணி (தயார்செய்து) பெக்கேஜுக்குள்ள இருக்கு, ஓடுற நேரம் தயாராகிற டைனமிக் எஸ்கியூஎல்லுக்கான கேஷுக்கு வராது. டிபி2 10லருந்து அதுக்கு ஐஎஃப்சிஐடி 400, 401 இருக்கு. அது வேணாமெண்டா எக்கவுன்டிங் ட்ரேஸில கிளாஸ் 7, 8 போட்டு எஸ்எம்எஃப் 101 எண்டுற மெயின்ஃபிரேம் பதிவு ரெக்கோட்ல பெக்கேஜ் பெக்கேஜாப் பாக்கலாம், கன இடத்தில இது முந்தியே ஓன்லதான் இருக்கும், கேட்டுப் பாருங்க.