சுக்கினி தொல்லைக்கு என் யோசனை

சிஸ்டர், அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல சின்ன டவுன்ல பக்கத்து வீட்டம்மா தினம் வாசல்ல சுக்கினி (வெள்ளரிக்கா மாதிரி இருக்கற பூசணி வகைக் காய்) வெச்சுட்டுப் போறாங்க, வீட்டுக்காரர் "வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு"ங்கறார், என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. சொல்லிடாதீங்க!! ரெண்டு செடி வெச்சாலே ஆகஸ்ட்ல காய் கொட்டும், ரெண்டு நாள் பறிக்காம விட்டா கை நீளத்துக்கு வளந்து நிக்கும், பாவம் அவங்களும் யார் தலைலயாவது கட்டியாகணும்ல. வருஷம் பூரா காரைப் பூட்டாதவங்க கூட ஆகஸ்ட்ல பூட்டுவாங்க, திருட்டு பயம்லாம் இல்ல, சீட்ல சுக்கினி மூட்டை ஏறிடும்னுதான், அந்தப் பக்கத்துல இது பழைய ஜோக். ஆகஸ்ட் 8ம் தேதிய அக்கம்பக்கத்து வாசல்ல திருட்டுத்தனமா சுக்கினி வைக்கிற நாள்னே கொண்டாடுறாங்கன்னா பாத்துக்கோங்க.

பாசிப்பருப்பு போட்டு கூட்டு வைங்க, மிச்சத்த துருவி ஃப்ரீசர்ல தள்ளுங்க. அவங்க எதாவது பேக் பண்ணி ட்ரேல குடுத்தா (அடியில டேப் ஒட்டி பேர் எழுதியிருக்கும்) காலியா திருப்பிக் குடுக்காதீங்க, நம்மூர் மாதிரியேதான். ஆனா குடுக்கப் போறப்ப அடுப்ப அணைச்சுட்டுப் போங்க, கிளம்புறேன்னு சொன்னதுக்கப்புறம்தான் மழை, சோளம், யாரோட முழங்கால் ஆபரேஷன்னு பேச்சே ஆரம்பிக்கும், கதவுகிட்ட கால் மணி, படிக்கட்டுல கால் மணி. ரொம்பப் பேசுற உங்க வீட்டுக்காரர்கிட்டயே ட்ரேய குடுத்து அனுப்புங்க, ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்.