ஆல்-ஸ்டார் ஆட்டம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிக் கூடைப்பந்து அணியில் கார்டாக (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் இடம்) ஆடுகிறாள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆல்-ஸ்டார் ஆட்டம் (எல்லா அணி நட்சத்திரங்களும் சேர்ந்து ஆடும் கண்காட்சி ஆட்டம்) பார்த்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதால் இருவரும் உட்கார்ந்து 2024 ஆட்டத்தைப் பார்த்தோம். யாருமே ஓடிப்போய்த் தடுக்கவில்லை. "இதுக்கு எங்க பிராக்டிஸ் மேட்ச்சே தேவலை" என்கிறாள். எப்போதுமே இப்படித்தானா? பழைய ஆட்டங்களில் எதைக் காட்டலாம்? விதியை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

பதில்: உங்கள் மகள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நீங்கள் பார்த்தது இருப்பதிலேயே மோசமான ஆட்டங்களில் ஒன்று. லீக்கின் கிழக்குப் பிரிவு நட்சத்திரங்கள் சேர்ந்த கிழக்கு அணி 211, மேற்குப் பிரிவின் மேற்கு அணி 186. ஆல்-ஸ்டார் வரலாற்றில் ஓர் அணி 200 புள்ளியைத் தாண்டியது அதுதான் முதல் முறை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பந்தை வைத்திருப்பவன் முன்னால் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த ஸ்கோர் வருமா? வராது. அதனால் உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆல்-ஸ்டாரில் ஸ்கோரைப் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆடுபவர்களுக்கு அன்றைக்கு ஏதாவது ஒன்று நிஜமாகவே முக்கியமாக இருந்ததா என்று பாருங்கள். அப்படி இருந்த ஆட்டங்கள்தான் இன்றைக்கும் பார்க்கும்படி இருக்கின்றன.

இது தொடங்கியதே ஒரு தேவைக்காகத்தான். 1951-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடிய ஊழல் வெளியே வந்து, இந்த விளையாட்டின் மேலேயே மக்களுக்கு வெறுப்பு வந்திருந்த நேரம். என்.பி.ஏ. அப்போது சின்ன லீக். அதன் விளம்பரப் பொறுப்பாளர் ஹாஸ்கெல் கோஹன், பேஸ்பாலில் நடப்பதுபோல் எல்லா அணிகளின் நட்சத்திரங்களையும் ஒரே கோர்ட்டில் இறக்கலாம் என்றார். லீக் தலைவருக்கு நம்பிக்கை வரவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் உரிமையாளர் வால்டர் பிரவுன், நஷ்டம் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பாஸ்டன் கார்டன் அரங்கைக் கொடுத்தார். 1951 மார்ச் 2 அன்று 10,094 பேர் வந்தார்கள், அந்த நாளில் சாதாரண என்.பி.ஏ. ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கிழக்கு 111-94 என்று ஜெயித்தது. அந்த இரண்டு எண்களையும் 2024 ஸ்கோரோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் மகளுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

அடுத்து 1964. இது வீடியோவாகப் பார்ப்பதற்கு அல்ல, கதையாகச் சொல்வதற்கு. மறுபடியும் பாஸ்டன், வெளியே கடும் பனிப்புயல், ஏபிசி தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பக் காத்திருக்கிறது. ஆட்டக்காரர்களோ உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பல வருஷமாகக் கேட்டும் ஓய்வூதியத் திட்டம் வரவில்லை, எழுத்தில் உறுதி கொடுக்கவும் ஆள் இல்லை. ஆட்டக்காரர் சங்கத் தலைவர் டாமி ஹைன்சன், கூட ஆஸ்கார் ராபர்ட்சன், பில் ரஸ்ஸல், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் என்று பெரிய தலைகள் எல்லாம் உள்ளே. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி உரிமையாளர் தன் ஆட்களான வெஸ்ட்டையும் பெய்லரையும் மிரட்டி ஆள் அனுப்பினார். அது வேலைக்கு ஆகவில்லை, இருந்த உறுதியும் கூடியது. கடைசியில் லீக் தலைவர் வால்டர் கென்னடி ஓய்வூதியத்துக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் கோர்ட்டுக்கு வந்தார்கள். இன்றைய ஆட்டக்காரர்கள் வாங்கும் சம்பளத்துக்கும் உரிமைக்கும் அந்த அறையில் உட்கார்ந்திருந்த இருபது பேருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. ஆல்-ஸ்டார் வரலாற்றிலேயே முக்கியமான இரவு எது என்று என்னிடம் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சரி, பார்ப்பதற்கு என்ன?

முதலில் 2001, வாஷிங்டன். முழு ஆட்டமும் வேண்டாம், கடைசி ஒன்பது நிமிடம் போதும். மேற்கு அணியில் டிம் டங்கன், கெவின் கார்னெட், கிறிஸ் வெப்பர் என்று உயரமான ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், கிழக்கு அணியில் உயரம் என்று சொல்ல முட்டோம்போவை விட்டால் பெரிதாக யாரும் இல்லை. ஸ்கோர் 95-74. அந்த நிலையிலிருந்து ஆறடி ஆலன் ஐவர்சன், தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து போய், தனது 25 புள்ளியில் 15-ஐ அந்த ஒன்பது நிமிடத்தில் எடுக்கிறார். கடைசி நிமிடத்துக்குள் ஸ்டெஃபான் மார்பரி இரண்டு த்ரீ பாயின்ட் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போடுகிறார். 111-110, கிழக்குக்கு வெற்றி. உங்கள் மகள் கார்டு என்கிறீர்கள், உயரம் குறைவாக இருந்தால் இதைக் கட்டாயம் பார்க்கட்டும். ஐவர்சன் பந்தோடு உள்ளே போவது மட்டும் இல்லை, திரும்பி ஓடித் தடுப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். முட்டோம்போ அன்றைக்கு எடுத்த 22 ரீபவுண்ட் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) இல்லாமல் இந்த வெற்றியே கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது 2020, சிகாகோ. அதற்கு மூன்று வாரம் முன்புதான் முன்னாள் லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரையன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்திருந்தார். அந்த வருஷம் நான்காவது கால்பகுதிக்குக் கடிகாரமே கிடையாது. மூன்று கால்பகுதி முடிந்ததும் முன்னணியில் இருக்கும் அணியின் ஸ்கோரோடு 24-ஐக் கூட்டினார்கள் (கோபியின் சட்டை எண்), யார் அந்த எண்ணை முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. முன்னணி ஸ்கோர் 133, ஆக இலக்கு 157. நிக் எலம் என்ற பேராசிரியர் யோசித்த முறை இது, அதனால் எலம் முடிவு என்றே பெயர். இதில் முன்னணி அணி நேரத்தைக் கடத்த முடியாது, பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தவும் தேவையில்லை. ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு.

அந்தக் கால்பகுதியில் கைல் லவ்ரியைக் கவனியுங்கள். எதிரணி ஆள் ஓடி வரும் வழியில் முன்கூட்டியே காலை ஊன்றி நின்று, மோதலை நெஞ்சில் வாங்கிக்கொண்டு பின்னால் விழுகிறார். ஆல்-ஸ்டார் ஆட்டத்தில்! ஒரு கண்காட்சி ஆட்டத்தில் யாரும் அப்படி உடம்பைக் கொடுப்பதில்லை. யானிஸ் அந்தெட்டோகும்போ லெப்ரான் ஜேம்ஸின் ஷாட்டைத் தடுக்கிறார், நடுவர்களிடம் வாக்குவாதம் நடக்கிறது, ஸ்கோர் 156-155 என்று நிற்கும்போது அந்தோனி டேவிஸ் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஒரு புள்ளி எறிதல்) போட நிற்கிறார். முதலாவது போகவில்லை. இரண்டாவது போனது. 157. பயிற்சியில் ஃப்ரீ த்ரோவுக்குச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் இந்த இடத்தைப் போட்டுக் காட்டுவது வழக்கம்.

1992 ஆர்லாண்டோ ஆட்டம் வேறு வகை. 153-113, போட்டி என்றே சொல்ல முடியாது. ஆனால் லேக்கர்ஸ் நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லி ஓய்வு பெற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ரசிகர்கள் அப்போதும் அவருக்கு ஓட்டுப் போட்டு உள்ளே கொண்டுவந்தார்கள். அவரோடு ஆடவே சிலர் தயங்கிய காலம் அது. அவர் எடுத்தது 25 புள்ளி, 9 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்). கடைசியில் ஐசேயா தாமஸ், அப்புறம் மைக்கேல் ஜோர்டான் என்று நண்பர்கள் ஒவ்வொருவராக அவரை நேருக்கு நேர் எதிர்த்து ஆடுகிறார்கள். ஐசேயாவின் கைக்கு மேலாக அவர் ஒரு த்ரீ பாயின்ட் போட்டதும், 14.5 வினாடி மீதம் இருக்கும்போதே எல்லாரும் கோர்ட்டுக்குள் வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். மீதி நேரத்தை யாரும் ஆடவில்லை.

புள்ளிச் சாதனைகளைத் தேடிப் பார்க்க வேண்டாம். 1962-இல் வில்ட் சேம்பர்லின் எடுத்த 42 புள்ளி 55 வருஷம் நின்றது, அப்புறம் 2017-இல் டேவிஸ் 52, 2023-இல் ஜேசன் டேட்டம் 55. தடுப்பு போகப் போகக் குறைந்ததைத்தான் அது காட்டுகிறது.

விதி ஏன் மாறுகிறது என்றால், இந்தத் தடுப்புப் பிரச்சினைக்கு மருந்து தேடித்தான். காயம் பட்டால் கோடிக்கணக்கில் நஷ்டம், அதனால் யாரும் இறங்கி ஆடுவதில்லை. 2018-இல் கிழக்கு-மேற்கை விட்டுவிட்டு இரண்டு கேப்டன்கள் ஆள் பிரித்து ஆடினார்கள், 2024-இல் பழையபடி கிழக்கு-மேற்கு, 2025 சான் ஃபிரான்சிஸ்கோவில் நான்கு அணிகள், 40 புள்ளி தொட்டால் முடிவு. 2026-இல் இரண்டு அமெரிக்க அணிகளும் ஓர் உலக அணியும் 12 நிமிடக் குட்டி ஆட்டங்களாக மோதின. எலம் முடிவை முழு ஆட்டத்திலிருந்து எடுத்தது பெரிய தவறு என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் மகளுக்காக இன்னும் இரண்டு. 2024 சனிக்கிழமை இரவு என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஸ்டெஃப் கரிக்கும் பெண்கள் லீக்கின் சப்ரினா அயனெஸ்குவுக்கும் நடந்த த்ரீ பாயின்ட் போட்டி: கரி 29, சப்ரினா 26. சப்ரினா ஆண்கள் த்ரீ பாயின்ட் கோட்டிலிருந்தே எறிந்தார், அதே இரவு ஆண்கள் போட்டியை டேமியன் லில்லார்டு ஜெயித்ததும் 26 எடுத்துத்தான். இன்னொன்று அதே வருஷம் ஃபீனிக்ஸில் நடந்த டபிள்யூ.என்.பி.ஏ. (பெண்கள் லீக்) ஆல்-ஸ்டார். ஒலிம்பிக்குக்குப் போகும் அமெரிக்க அணியை, அதில் இடம் பெறாதவர்கள் சேர்ந்து 117-109 என்று தோற்கடித்தார்கள். அரிகே ஒகுன்போவாலே எடுத்த 34 புள்ளியும் இரண்டாம் பாதியில் மட்டும். இதை முழுசாகவே பாருங்கள்.

நேரடியாகப் பார்க்க ஆசை என்றால் பிப்ரவரி நடுவில் வரும், அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை, நமக்குத் திங்கள் அதிகாலையோ காலையோ, பள்ளி நாள். தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். வருகிற சனிக்கிழமை 2001 ஆட்டத்தைப் போட்டு, ஒன்பது நிமிடம் இருக்கும்போது நிறுத்தி, 95-74 என்ற ஸ்கோரைக் காட்டி, "நீ கிழக்கு அணியில் இருந்தால் இப்போது என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அவள் பதில் சொன்ன பிறகு மேலே ஓட்டுங்கள்.